மூன்று நெட்டைத் துண்டுகளும் ரத்னாபாயின் முகமும்

ஓவர்சியராக முப்பத்தொரு வருஷம் ரோடு போட்டவர் அருமைநாயகம். ஒருமுறை ரோடு ரோலர் அவருடைய புதுக்குடையின் மேல் ஏறி இறங்கியபோது, அப்பளத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துவிட்டு, "மழைக்காலம் முடிஞ்சுதானே போச்சு" என்று நடந்துபோன மனுஷர். அந்த மலையைத்தான் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் பொடிப்பொடியாக்கிவிட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் சாய்த்து, காது தோளில் ஒட்ட, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். திரையில் சபையின் பாடகர் குழுப் பெண்கள், பதினான்கு பேரும், படுத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா, கழுத்துப் பிடிச்சுகிட்டா?" என்று கேட்டாள் மருமகள் ஜிஜி.

"எனக்கில்ல மக்களே, இவங்களுக்கு. சேர்ந்தாப்ல படுத்துட்டாங்க. ஆர்மோனியம்கூட படுத்துட்டு."

ஜிஜி குனிந்து எதையோ தட்டினாள். பதினான்கு பேரும் எழுந்து நின்றார்கள். "தொண்ணூறு டிகிரி திருப்பணும். அத்ரேயுள்ளு" என்று, அவ்வளவுதான் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினாள்.

எழுந்து நின்றது என்னவோ நிஜம். ஆனால் அகலமான திரையின் நட்டநடுவில், சுவரில் விழுந்த விரிசல் அகலத்துக்கு, ஒரு நெட்டைத் துண்டாக நின்றார்கள். இருபுறமும் கன்னங்கரிய இருட்டு. ரயில் கழிப்பறைக் கதவை லேசாகத் திறந்து உள்ளே ஒரு பாடகர் குழுவைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இந்த வேலை அவர் தலையில் ஏறிய விதம் இது. ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலைப் பக்கத்துத் தமிழ்ச் சபையில் ஆண்டு விழா; ஆராதனை முடிந்ததும் ஊருக்கே சோறு போடும் அசனம். அவருடைய மனைவி ரத்னாபாய் முப்பத்துநாலு வருஷமாக அந்தக் குழுவில் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவள். அறுபத்தைந்து ஆனவர்கள் குழுவிலிருந்து ஓய்வு பெறவேண்டும் என்று, குழுவில் தானும் பாடுகிற செயலாளர் ஜெயன் இந்த வருஷம் ஒரு விதி கொண்டுவந்தார். ரத்னாபாய்க்கு ஜூன் மாதமே அறுபத்தைந்து. ஆக, ஞாயிற்றுக்கிழமை அவள் பாடியது கடைசிப் பாட்டு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு சபை மண்டபத்தில் அவளுக்குப் பிரிவுபசாரம். மண்டபச் சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திரை. அதில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டவேண்டும்.

கூலிக்கு வந்த வீடியோக்காரர் அந்தப் பாட்டை எடுக்கவில்லை. பாட்டு நடந்த ஐந்து நிமிஷமும் அவருடைய கேமரா வெளியே அசனப் பந்தலில், அண்டாவில் சாம்பார் கொதிப்பதைப் படம் பிடித்தது. சாம்பாரின் ஒவ்வொரு குமிழியும் தெளிவாக விழுந்திருந்தது. முருங்கைக்காய்களை எண்ணலாம்.

ரத்னாபாய் அதைக் கேட்டு அழவில்லை, கோபப்படவில்லை. பயற்றங்காய் ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "முப்பத்துநாலு வருஷம். ஒரு போட்டோவில மூஞ்சிக்கு நேரா மைக் கம்பி. இன்னொண்ணுல முன்னால நிக்கவளோட கொண்டை. பின்ன ஒண்ணுல நான் தும்முறேன். நான் பாடினேங்கிறதுக்கு ஒரு சாட்சி கிடையாது, கேட்டியளா. வாயைத் திறந்து பாடுற என் மூஞ்சி ஒரே ஒரு தடவை முழுசாத் தெரிஞ்சா போதும்."

"தெரியும்" என்றார் அருமைநாயகம். ரோடு போடுகிற குரலில் சொன்னார். சொன்னபின்தான் எப்படி என்று யோசித்தார்.

கையில் இருந்ததெல்லாம் மூன்று பேர் போனில் எடுத்த படங்கள். மூன்றும் நெட்டை. வேறெப்படி இருக்கும்? அந்தச் சபையில் பாட்டு நேரத்தில் எல்லார் கையிலும் பாட்டுப் புத்தகம் இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ஒரு கையில் புத்தகம் என்றால் போனுக்கு மிச்சம் ஒரே கை. ஒரே கையில் பிடித்த போன் நட்டமாகத்தான் நிற்கும். போதாக்குறைக்கு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் சபை அது. ஜிஜி பெண்கள் பக்கமிருந்து எடுத்ததில் சொப்ரானோக்காரிகள் எல்லாரும் இருந்தார்கள். ஓரத்தில் ரத்னாபாய் பாதி. ஜெயனின் மனைவி ரெஷ்மா நடுவழியோரம் பின்வரிசையிலிருந்து எடுத்ததில், தலைமுதல் கால்வரை ஜெயன். ஓரத்தில் ரத்னாபாயின் மற்றப் பாதி. அருமைநாயகம் ஆண்கள் பக்கமிருந்து, தன் மனைவியை எடுப்பதாக முழுமனதோடு நம்பி எடுத்ததில், ஆறு கட்டைக் குரல்காரர்களும் ஒரு சீலிங் ஃபேனும் இருந்தார்கள். ஃபேன் மட்டும் நன்றாகப் பாடியது.

புதன்கிழமை அவர் 'நிரப்பு' என்ற பொத்தானைக் கண்டுபிடித்தார். அழுத்தினார். ஜிஜி எடுத்த நெட்டைத் துண்டு பூதம்போல ஊதி, திரை முழுக்க நிரம்பியது. இருட்டு போயிற்று. கூடவே எல்லார் தலையும் இடுப்புக்குக் கீழும் போயிற்று. பதினான்கு புடவை முந்தானைகள் மட்டும் உருக்கமாகப் பாடின. படத்தை மேலே இழுத்தால் இடுப்பு. கீழே இழுத்தால் கூரை. கூரையில் எத்தனை ஓடு மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் போடலாம்போல இருந்தது. போட்டும் பார்த்தார், கை பழக்கம்.

அந்த நேரம் பார்த்து ஜெயன் வந்தார். நெட்டையான ஆள், இன்சூரன்ஸ் வேலை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துவிடுவார்.

"அண்ணாச்சிக்கு எதுக்கு இந்தச் சிரமம்? நான் ஒண்ணு ரெடியாக்கி வெச்சிருக்கேன்லா" என்று தன் போனைக் காட்டினார்.

அதில் ரெஷ்மா எடுத்த துண்டு நடுவில். இருபுறத்து இருட்டையும் மறைக்க, அதே படத்தைப் பெரிதாக்கி, புகைமூட்டமாக்கிப் போட்டிருந்தார். ஆக, நடுவில் ஒரு ஜெயன், இடப்பக்கம் மசமசவென்று ஒரு ஜெயன், வலப்பக்கம் இன்னொரு ஜெயன்.

"மூணு பேரு இருக்கீரு" என்றார் அருமைநாயகம். "ரத்னா எங்க?"

"அந்தா, அக்காவோட முழங்கை தெரியுதே. அரை மூஞ்சியும் உண்டு, ஸூம் பண்ணிப் பாத்தா."

"முப்பத்துநாலு வருஷத்துக்கு அரை மூஞ்சியா வேய்?"

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? வெள்ளி அஞ்சு மணிக்குள்ள உங்க படம் வந்தா அதைப் போடலாம். வரலேன்னா இதுதான். ஸ்கிரீன் சும்மா கிடக்கப்பிடாதுல்லா."

ஜெயன் போனபிறகு அருமைநாயகம் அந்த மென்பொருளைத் திட்டிய திட்டு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கும். பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி இருப்பதுபோல அதற்கும் 'உதவி' என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்தார். "உங்கள் காட்சியைக் கிடைமட்டமாகப் பதிவு செய்வது நல்லது" என்றது. ஆற்றில் முங்குகிறவனிடம் போய், நீச்சல் படித்திருக்கலாமே என்று கேட்கிற ஜாதி.

வியாழக்கிழமை மத்தியானம் வரை அவர் செய்யாத கூத்தில்லை. படத்தை இழுத்து அகலப்படுத்தினார், சபையே பூசணிக்காயாயிற்று. ரத்னாபாயின் அரை முகத்தை மட்டும் பெரிதாக்கினார். அது பஞ்சுபஞ்சாக உதிர்ந்து, ஒரு பொட்டுக் கண்ணும் ஏதோ மேகமும் மிஞ்சியது. அந்த அரை முகத்தைக் கண்ணாடியில் பிரதிபலிப்பதுபோல மறுபக்கம் திருப்பி ஒட்டினார். இரண்டு இடக்கண்ணோடு ஒரு அம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். அவசரமாக அதை அழித்துவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நல்லவேளை, அசல் ரத்னாபாய் முதுகு காட்டி நின்றாள்.

"சாப்பிட வாறியளா?"

"வேண்டாம்."

"மீன்கறி."

"வேண்டாம்னேன்லா."

மீன்கறியை அவர் வேண்டாமென்று சொன்னது கல்யாணமான இந்த நாற்பத்தோரு வருஷத்தில் இரண்டாம் தடவை. முதல் தடவை டைபாய்டு.

ரத்னாபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "போவட்டும் விடுங்க. ஜெயன் படத்தையே போடட்டும். முழங்கையாவது இருக்கே" என்றாள்.

அந்த 'முழங்கையாவது' அவருக்குத் தாங்கவில்லை. மவுசை மேசையில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார்.

தள்ளிய வேகத்தில் திரையில் பிடித்து வைத்திருந்த ஜிஜியின் துண்டு சறுக்கி இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதன் அடியில் இத்தனை நாளாக ஒளிந்துகிடந்த ரெஷ்மாவின் துண்டு வெளியே தெரிந்தது. ஒரு துண்டின் வலது ஓரத்தில் ரத்னாபாயின் பாதி முகம். பக்கத்துத் துண்டின் இடது ஓரத்தில் மற்றப் பாதி. நடுவில் கொஞ்சம் இருட்டு.

அருமைநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரோட்டை இரண்டு பக்கமிருந்தும் போட்டுக்கொண்டு வந்து நடுவில் இணைக்கிற வேலை அவர் நூறு தடவை செய்தது. நட்டமாக நிற்கிற துண்டு மூன்றை அடுத்தடுத்து நிறுத்தினால் அகலத் திரை ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. மிச்சம் விரலகல இருட்டு. தன்னுடைய கட்டைக்குரல் துண்டை, ஃபேனோடு, வலது பக்கம் நிறுத்தினார். சபையின் பாடகர் குழு, இருபத்தொரு பேரும், இடமிருந்து வலம், முழுசாக நின்றது.

நின்றதே தவிர, மூன்றும் மூன்று நேரத்தில் பாடியது. ஒருத்தர் அல்லேலூயாவில் இருக்கும்போது இன்னொருத்தர் ஆமெனுக்கு வந்துவிட்டார். ரத்னாபாயின் உதட்டில் பாதி திறந்திருந்தது, பாதி மூடியிருந்தது. மூன்றையும் ஒரே நொடியில் தொடங்கவைக்க, மூன்றிலும் கேட்கிற ஒரு சத்தம் வேண்டும். தேடினார். பாட்டுக்கு முந்திய அமைதியில், மூன்று துண்டிலும், 'டப்' என்று ஒரு சத்தம்.

அவருக்கு உடனே தெரிந்துபோயிற்று. அது அவருடைய சத்தம்தான். போனை எடுக்கிற அவசரத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தரையில் போட்டது அவரேதான். அதற்காக அன்று மத்தியானம் அசனப் பந்தியில் வாழையிலை விரிக்கும் முன்பே ரத்னாபாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவரேதான்.

மூன்று 'டப்'பையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்தினார். மூன்றும் ஒரே 'டப்' ஆயிற்று. அதன்பின் ரத்னாபாயின் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்துக்கு வர, ரெஷ்மாவின் துண்டைக் கொஞ்சம் பெரிதாக்கி மேலே ஏற்றினார். விரலகல இருட்டும் நிரம்பிவிட்டது. ஏற்றியதில் நெட்டை ஜெயனின் தலை புருவத்துக்கு மேல் திரையைத் தாண்டிப் போய்விட்டது. அருமைநாயகம் அதைக் கவனித்தார். கீழே இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, மூன்றையும் ஒரே படமாக்க, எக்ஸ்போர்ட் கொடுத்தார். அரை மணியில் தொண்ணூற்றாறு சதவீதம் ஏறியது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. அந்த நாலு சதவீதத்துக்குள் ஒருத்தர் பாறசாலைக்கு நடந்துபோய், உறவுக்காரர் வீட்டில் காப்பி குடித்து, சண்டை பிடித்து, சமாதானமாகித் திரும்பியிருக்கலாம். ஜெயன் நாலரைக்குக் கூப்பிட்டார். "ஆச்சா அண்ணாச்சி? நம்ம படம் கையில ரெடி." நாலு ஐம்பதுக்கு மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு நூறு வந்தது. அருமைநாயகம் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்து, நெஞ்சுவலிக்காரர்போல ஆட்டோவில் ஏறினார். ஐந்தடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பென்டிரைவ் ஜெயன் கையில் இருந்தது.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் இருபத்தொரு பேரும், ஒரு ஃபேனும். அமைதி. பிறகு 'டப்'.

திரையில் ரத்னாபாய் சட்டென்று ஆண்கள் பக்கம் திரும்பி, புத்தகத்தைப் போட்டவரை ஒரு முறை முறைத்தாள். முழு முகம். இரண்டு கண்ணும் இரண்டு புருவமும். இடக்கண் மட்டும் சற்றே பெரிது. முறைத்துவிட்டு முன்னால் திரும்பி, வாயைத் திறந்து, பாடினாள்.

மண்டபம் சிரித்து ஓய இரண்டு வரி ஆயிற்று. மூன்றாம் வரியில் சிரிப்பு அடங்கி, எல்லாரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்னாபாய் முன்வரிசையில் மடியில் கைகோத்து, அசையாமல் இருந்தாள்.

விளக்கு எரிந்ததும் ஜெயன் வந்தார். "அண்ணாச்சி, என் தலை எங்க?"

"புருவம் வரைக்கும் இருக்குல்லா. பாடுறதுக்கு அதுக்கு மேல எதுக்கு?"

ரத்னாபாய் அவர் பக்கம் திரும்பவில்லை. வெறும் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்தப் பொஸ்தகம் போட்ட சத்தத்தை வெட்டியிருக்கலாம்லா?"

"வெட்டியிருக்கலாம். அப்போ நீ முறைச்சதும் போயிரும். ரெண்டு பாதியும் பிசகாம ஒட்டினதே அந்தச் சத்தத்தாலதான்."

"மூக்கு கோணலா இருக்கு."

"அது ரெஷ்மா போனு."

 ரத்னாபாய் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னொரு தடவை போடச் சொல்லுங்க" என்றாள்.

ஜெயன்தான் போய்ப் போடவேண்டியிருந்தது. மூன்று தடவை போட்டார்.