மாற்றி எடுத்த கிராம்பான்

2016 ஜூன் 11, சனிக்கிழமை, விடியற்காலை. சுவிட்சர்லாந்தின் ஏரான்ஸ் பள்ளத்தாக்கில், மோர்வான் சிகரத்தின் வடக்குச் சுவருக்கு அடியில், வெப்பம் உறைநிலைக்கு ஆறு டிகிரி கீழே இருந்தது.

அந்தச் சுவரில் தனியாக ஏற வந்திருந்த சிதோனிக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இரவெல்லாம் மேகமில்லாமல் வானம் திறந்து கிடந்ததில் பனி காரையைப் போல இறுகியிருந்தது. பனியாறு முடிந்து சுவர் எழும்பும் இடத்தில் பெரிய வெடிப்பு ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பக்கம் முதுகுப்பையின் மேல் உட்கார்ந்து, கிராம்பானை எடுத்து வலது பூட்ஸுக்கு அடியில் வைத்தாள். பன்னிரண்டு முள் உள்ள எஃகுச் சட்டம் அது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முள்ளையும் பனியில் உதைத்து நிறுத்தி, அதன் மேல் எழுந்துதான் சுவரில் ஏற வேண்டும். பூட்ஸ் அதில் உட்காரவில்லை. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது.

தலைவிளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே மஞ்சள் வார். ஆனால் அந்த ஜோடி அவளுடையது அல்ல.

இரவு தங்கிய மலைக்குடிலில் ஈரச் சாமான்களை யாரும் உள்ளே கொண்டு போவதில்லை. வாசலில் ஒரு கூடை, எல்லோருடையதும் அதில்தான் கிடக்கும். மற்றவர்கள் தூக்கம் கெட வேண்டாமென்று விளக்குப் போடாமல், கையால் துழாவி எடுத்து வந்திருந்தாள். யாருடையது என்பதிலும் சந்தேகமில்லை. நேற்று இரவுச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்திருந்த கிராத்தியான் பெரிய கால் உள்ளவன். சியோன் நகரத்தில் ரொட்டிக் கடை வைத்திருப்பவன். மனைவி ஓடெட்டோடு சாதாரண வழியில், தென்கிழக்கு விளிம்பு வழியாக, இதே சிகரத்துக்கு ஏற வந்திருந்தான். அவன் ஊன்றுகோல் ஒன்று வரும் வழியில் முறிந்திருந்தது. கரண்டிக் காம்பை வைத்துக் கட்டி, பசை நாடா சுற்றி, மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"இதுக்கு மேல என்ன வேணும்? இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"அதே மாதிரிதான் அடுப்பையும் கட்டி வச்சிருக்கான். ஒரு நாள் கடையோட போகப்போறோம்" என்றாள் ஓடெட்.

"கடை போனா போகட்டும். நீ பத்திரமா இரு, கணக்குப் பாக்க ஆள் வேணும்."

சிதோனிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் படுக்கப் போனாள், தூங்கவில்லை.

இப்போது கிராம்பானின் நடுச்சட்டத்தை இழுத்து, இரண்டு துளை உள்ளே தள்ளி, மறுபடி மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. முட்கள் அவளுடையதைவிடக் கூர்மை, அதிகம் மலையைப் பார்க்காதவை. அவள் ஏறுவதற்கு ஒரு தடையும் இல்லை.

தடை அவனுக்குத்தான்; கூடையில் அவனுக்கு மிச்சமிருப்பது அவளுடைய ஜோடி. போன குளிர்காலத்தில், அதன் நடுச்சட்டத்தின் நுனி தன் சின்ன பூட்ஸுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு இடறுகிறதென்று அதை ரம்பத்தால் அறுத்துவிட்டிருந்தாள். அதை இனி நீட்ட முடியாது. அவன் காலுக்கு அது பாதிப் பாதத்தில் நின்றுவிடும். பார்த்ததும் புத்தியுள்ளவன் படுக்கைக்குத் திரும்பிவிடுவான். கிராத்தியான் நாடாவைத் தேடுவான்.

சாதாரண வழி, அரைமணி கீழே, பனியாற்றின் நடுவில் பிரிகிறது. இப்போதே இறங்கினால் அந்தப் பிரிவில் அவர்களைப் பிடித்துவிடலாம். மறுபடி இங்கே ஏறி வருவதற்குள் வெயில் சுவரின் தலையைத் தொட்டுவிடும். மேலிருந்து பனிக்கட்டி விழத் தொடங்கும். இன்றைக்கு ஏற முடியாது. திங்கள் முதல் சூடு கூடும் என்று வானிலை சொன்னது. அதற்குப் பிறகு அடுத்த ஆண்டுதான்.

இந்தச் சுவரிலிருந்து அவள் ஏற்கெனவே மூன்று முறை திரும்பியிருக்கிறாள். முதல் முறை மேகம் இறங்கியது. இரண்டாவது முறை பனி இறுகவில்லை. மூன்றாவது முறை வயிறு சரியில்லை. மூன்றும் சரியான காரணங்கள். யாரைக் கேட்டாலும் நல்ல முடிவு என்றுதான் சொல்வார்கள். ஓடேர் கிராமத்துக் காப்பிக் கடையில் மட்டும் வேறு மாதிரி கேட்டார்கள்.

"என்ன சிதோனி, சுவரு இன்னும் அங்கேயேதான் நிக்குதா?"

"பாதிச்சுவரு சிதோனி வந்தாச்சு, பாதி கிளாஸ் ஊத்து."

அந்தக் கேலி அவளைச் சுடவில்லை. வாரம் முழுக்க அணைக்கட்டின் உள்வழிகளில் தனியே நடந்து நீர்க்கசிவு பார்ப்பவள்; தனியாக ஏறுவது ஏன் என்று கேட்டவர்களுக்கும் அவள் பதில் சொன்னதில்லை. அவளைத் தூங்கவிடாமல் அடித்தது வேறொன்று. மூன்று முறையும் காரணம் கிடைத்த அந்த நொடியில் அவளுக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக மூச்சு விட்டிருந்தது. திரும்பியது புத்தியினாலா பயத்தினாலா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்றைக்கு வந்திருந்தாள்.

இதோ நாலாவது காரணம். இதுவும் சரியானது. உள்ளுக்குள் அதே மூச்சு எழுந்ததை அவள் கவனித்தாள்; கவனித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

குடில்காரன் மார்சியால் உபரியாக ஒரு ஜோடி வைத்திருப்பான், கொடுப்பான் என்று சொல்லிக்கொண்டாள். ஓடெட் விடமாட்டாள் என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து வெடிப்பின் மேலுதட்டில் கோடரியைக் கொத்தினாள்.

முதல் நூறு மீட்டர் பனி நன்றாகப் பிடித்தது. இடது கோடரி, வலது கோடரி, இடது கால், வலது கால். வழக்கமாக இந்த வரிசைக்குள் போய்விட்டால் மனம் அடங்கிவிடும். இன்றைக்கு ஒவ்வொரு உதைக்கும் அந்த அந்நியமான முட்கள் கண்ணில் பட்டன. ஓய்வெடுக்கப் படி கொத்தி நின்றால், நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கெண்டைக்கால் வலி அடங்குவதற்குள் மறுபடி கிளம்பினாள். இவ்வளவு வேகமாக அவள் எங்கும் ஏறியதில்லை.

பாதிச் சுவரைத் தாண்டியதும் இடதுபுறம் பாறை ஒதுங்கி, தென்கிழக்கு விளிம்பு தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே உள்ள பனிச்சரிவில் இரண்டு புள்ளிகள், நடுவே கயிற்றளவு தூரம். வந்துவிட்டார்கள். அப்படியானால் உபரி ஜோடி கிடைத்திருக்கிறது. நெஞ்சு லேசானது.

இருபது முப்பது கோடரி வீச்சுக்குப் பிறகு மறுபடி பார்த்தாள். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. ஏதாவது சாப்பிடுவார்கள். அந்தச் சரிவில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இனி இறங்குவதென்றால் ஏறுவதைவிட மோசம். மேலே பனி தீர்ந்து சாம்பல் நிறப் பனிக்கட்டி தொடங்கியது. வயதான, கண்ணாடி போன்ற கட்டி. கோடரி பட்ட இடத்தில் தட்டு தட்டாகப் பெயர்ந்தது. ஒரு முறை வலது கோடரியின் கீழிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று உடைந்து, தோளில் மோதிக் கீழே போனது. இடது கையில் தொங்கினாள். இரண்டு முன்முள்ளும் பிடித்திருந்தன. பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் அவளுக்காக அல்ல. அவள் கண் தன்னையறியாமல் இடதுபுறம் போனது.

உச்சியில் இரும்புச் சிலுவை உறைபனி ஒட்டி வெள்ளையாக நின்றது. காலை எட்டரை மணிகூட ஆகவில்லை. ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த இடம். தண்ணீர் குடிக்கக்கூட அவள் பையைக் கழற்றவில்லை. தென்கிழக்கு விளிம்பில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

சரிவின் நடுவில் ஓடெட் பனிக்குள் இரும்புத் திருகு ஒன்றை முறுக்கி இறக்கி, அதில் தன்னையும் கயிற்றையும் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கீழே, கோடரியால் கொத்திய சின்னத் திட்டில் கிராத்தியான் உட்கார்ந்திருந்தான். முகம் சாணித்தாள் நிறத்தில் இருந்தது. வலது பாதம் இருக்க வேண்டிய பக்கம் பார்த்திருக்கவில்லை. அதிலிருந்து மஞ்சள் வாரும் கயிறும் நாடாவுமாக சிதோனியின் கிராம்பான் தொங்கியது.

"வந்துட்டா பாரு திருடி" என்றான். "என் செருப்பப் போட்டுக்கிட்டு சுவரையே ஏறிட்டு வர்றா. எப்படி இருந்துச்சு மேல? என் கிராம்பானுக்காவது குடுத்து வச்சிருக்கு."

"பேசாம இரு" என்றாள் ஓடெட். பிறகு சிதோனியிடம், "ஹெலிகாப்டருக்குச் சொல்லியாச்சு. வேற எங்கேயோ போயிருக்காம், நேரமாகும்னாங்க."

"குடில்ல உபரி ஜோடி இல்லையா?"

"போன வாரம் ஒரு ஹாலந்துக்காரன் வாங்கிட்டுப் போனானாம். திரும்பி வரல. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கட்டிக்கிட்டா ஓடும்னான்."

"ஓடுச்சே. நிக்கத்தான் இல்ல" என்றான் கிராத்தியான். சிரிக்கப் போனவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சிதோனி பையைக் கழற்றி, பஞ்சுக் கோட்டை எடுத்து அவன் தோளில் போர்த்தினாள். ஓடெட் மேலிருந்து கேட்டாள்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"விடு ஓடெட். மேல போய்க் கழட்டும்போதுதான் பாத்திருப்பா. அங்க போய் தெரிஞ்சு என்ன பண்ணுவா" என்றான் கிராத்தியான்.

அவன் கதவைத் திறந்து வைத்துவிட்டான். ஆமாம் என்று சொல்லி உள்ளே போனால் போதும்.

"கீழேயே தெரியும்" என்றாள் சிதோனி. "ஏறறதுக்கு முன்னாடி."

கிராத்தியான் அவளைப் பார்த்தான். அவனிடம் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை.

"அப்பவே நீ வந்து சொல்லியிருந்தா நாங்க இந்தச் சரிவுக்கே வந்திருக்க மாட்டோம்" என்றாள் ஓடெட்.

"ஆமா. அந்தப் பிரிவுல வந்து நின்னிருந்தா உங்களப் பிடிச்சிருப்பேன்."

"நிக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. நின்னா இன்னிக்கு ஏற முடியாது."

ஓடெட் சரிவைப் பார்த்தாள், பிறகு கயிற்றின் முடிச்சை. குரல் உயரவில்லை.

"உன்கிட்ட திருகு இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"ஒண்ண அவனுக்குப் பக்கத்துல போடு. இது ஒண்ணையே நம்பி இவ்வளவு நேரமா நிக்கிறேன். பேச்சு அப்புறம்."

சிதோனி அவனுக்குப் பக்கத்தில் இறங்கித் திருகைப் போட்டாள், கட்டினாள், திட்டை அகலப்படுத்தினாள். அந்தப் பாதத்திலிருந்து கயிற்றை அறுத்துக் கிராம்பானை எடுத்தபோது அவன் கத்தினான். ஓடெட் மேலிருந்து அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மூவரும் காத்திருந்தார்கள். வெயில் வந்தது. வடக்குப் பக்கமிருந்து பனிக்கட்டி சரியும் ஓசை கேட்கத் தொடங்கியது. 

பத்தரைக்கு மேல் ஹெலிகாப்டர் வந்து முதலில் கிராத்தியானையும், இரண்டாவது சுற்றில் ஓடெட்டையும் தூக்கிக்கொண்டு போனது. சிதோனி நடந்து இறங்கினாள்.

கிராத்தியானின் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சியோன் மருத்துவமனையில் தகடு வைத்தார்கள். ரொட்டிக் கடை ஆகஸ்ட் முதல் வாரம் வரை மூடியிருந்தது. அந்தக் கோடையில் மோர்வானின் வடக்குச் சுவரில் தனியாக ஏறியவர் வேறு யாரும் இல்லை.