ராகிக் குழி

துச்சாதனன் வேசம் கட்டுகிறவனுக்கு ஊரில் நல்ல பேர் கிடைக்காது. பென்னாகரத்துப் பக்கம் எந்தத் திரௌபதையம்மன் கோவில் என்றாலும் சேலையை உருவுகிறவன் நான்தான். மறுநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போகட்டும், நான் கூலிக்குக் கட்டினேன். வேசமே கட்டாமல் அந்த வேலையைச் செய்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

பர்மா அரிசி நின்றுபோன யுத்த வருசம் அது. மழையும் இல்லை. பதுக்கிய தானியத்தைப் பிடிக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் ஊர்ப் பெரிய பண்ணை வெங்கடாசலம், களத்து மண்ணுக்கடியில் மூடிவைத்திருந்த ராகிக் குழியைத் திறக்கச் சொன்னார். திறந்த குழியைக் காற்றாட விட்டு, விளக்கை இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். உள்ளே அடைந்த காற்று கொன்றுவிடும். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். பண்ணைக்குத் தெரியாதா? பண்ணையாள் தீர்த்தனை உடனே இறங்கு என்றார். அப்போது மேலே கூடையோடு நின்றவள் அவன் பெண்சாதி ராமக்கா ஒருத்திதான். இறங்கியவன் ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. அவள் கூச்சல் கேட்டு நாங்கள் ஓடிப்போய், அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பிணமாகத்தான் மேலே இழுத்தோம்.

போலீஸ் வந்தபோது பண்ணை என்ன சொன்னார் தெரியுமா? விதை ராகியைத் திருட இறங்கினான் என்றார். அடப் பாவி! செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான்? ராமக்கா சொன்னது எடுபடவில்லை. அவள் பிள்ளைகளைத் திருடன் பிள்ளைகள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் யாரும் வேலை கொடுக்கவில்லை.

அன்றைக்கு அவிழ்ந்த கூந்தலை அவள் அள்ளி முடியவே இல்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வருசா வருசம் பாரதம் கேட்கிற ஊருக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? சபையில் மானம் பறித்தவன் ரத்தம் பூசாமல் முடிய மாட்டேன் என்றவளுக்குத்தானே கோவில் கட்டிக் கும்பிடுகிறோம். ஆனால் பண்ணையை எதிர்த்துப் பேச யாருக்கும் வாயில்லை.

சித்திரையில் பாரதக் கூத்தின் கடைசி நாளான படுகளம் வந்தது. மண்ணால் செய்த துரியோதனன், கோவில் முன்னால் மல்லாந்து கிடந்தான். வீமன் தொடையில் அடித்தாயிற்று, குங்குமத் தண்ணீர் வழிந்தது. இனி திரௌபதி அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தலை முடிய வேண்டும். அவள் கூந்தலை முடிந்த பிறகுதான் பூமிதி. மகன் அம்மை கண்டு பிழைத்த நேர்த்திக்கடனுக்காக, வெங்கடாசலமே கையில் காப்புக் கட்டி மஞ்சள் வேட்டியோடு முதல் ஆளாய் நின்றார். பொய்யோடு இறங்குகிறவன் காலை நெருப்பு விடாது. எங்கள் ஊரில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை, அவரும்தான்.

திரௌபதி வேசத்தில் இருந்த பச்சியப்பன் ரத்தத்தைத் தொட்டுக் கூந்தலை அள்ளினான். எதிரே ராமக்கா தலைவிரித்து நின்றாள். அவன் கை அப்படியே நின்றுவிட்டது. மேளம் அடித்து அடித்து ஓய்ந்தது. பூசாரி அதட்டினார். பச்சியப்பன் கூத்துக் குரலை விட்டுத் தன் குரலில் சொன்னான்.

"அந்தக்கா மொதல்ல முடியட்டுங்க. அப்பறம் நான் முடியறேன்."

வெயில் ஏறியது. ஒருத்தரும் நகரவில்லை. பூக்குழியில் கட்டைகள் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன. வெங்கடாசலம் அதைப் பார்த்தார், கையிலிருந்த காப்பைப் பார்த்தார். ராமக்கா அவர் கிட்டே வந்தாள்.

"எம் புருசன் திருடனுங்களா?"

அவர் காப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இல்ல. நாந்தான் எறங்கச் சொன்னேன். காத்தாட உடல."

போலீஸ் கேட்டு வராத வார்த்தை மண்பொம்மை முன்னால் வந்தது. எத்தனையோ களம் பார்த்தவன் நான், அன்றைக்கு அழுதுவிட்டேன்.

ராமக்கா கூந்தலை அள்ளினாள். பச்சியப்பன் தனக்கு வைத்திருந்த பூச்சரத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை. தாலி அறுத்தவளுக்குப் பூ ஏது? மடியிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்தாள். தீர்த்தனை மேலே இழுத்தோமே, அந்தக் கயிறு. அதைச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். எங்களில் ஒருத்தரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.