தம்பி சொன்ன துருக்கிக் கதை

சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் பாண்டிக்குத் தன் தம்பி சுருளிவேல்மேல் சந்தேகம் வந்தது ஒரு துருக்கிக் கதையால். சிரிக்க வேண்டாம். இந்த மலையில் இதைவிட அற்பக் காரணத்துக்கெல்லாம் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோயிருக்கிறது.

சுருளிவேலுக்குப் பக்கத்துத் தோட்டம். தோட்ட வேலை முடிந்தால் யூடியூபில் வரலாறு சொல்வான். இந்த முறை அவன் எடுத்துக்கொண்டது கரேசி என்ற பழைய துருக்கிச் சிற்றரசு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பைசாண்டியப் பேரரசு தளர்ந்த நேரம் பார்த்து, கரேசி என்ற தலைவன் கடலோரத்தை வளைத்துப் பிடித்தான். கப்பலும் படையுமாக ஓஹோவென்று வாழ்ந்தார்கள். அது முதல் பாகம். பாண்டி ரசித்துத்தான் பார்த்தான்.

வினை வந்தது இரண்டாம் பாகத்தில். பிற்பாடு அந்த வம்சத்தில் பட்டத்துக்கு வந்த மூத்தவன் தெமிர்கான் சிடுமூஞ்சி. இளையவன் துர்சுன், அண்ணனை மடக்கப் பக்கத்து அரசன் ஓர்ஹானிடம் போனான். துணைக்கு வந்தால் ஊர்களைத் தருவதாகச் சொன்னான்.

பாண்டி போனைக் கவிழ்த்து வைத்தான்.

"கேட்டியா? என்னையத்தான் சொல்றான்."

"அது துருக்கிக்காரன் கதைங்க" என்றாள் மனைவி சாந்தம்மாள். "உங்க தம்பி எதுக்கு உங்களையச் சொல்லப்போறாரு?"

"சிடுமூஞ்சின்னு சொல்லும்போது சிரிச்சான்ல?"

நீங்க சிடுமூஞ்சிதானே என்று சொல்ல வந்தவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

பாண்டிக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஓர்ஹான் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பாலக்காட்டிலிருந்து வந்து, இவர்கள் தோட்டங்களுக்கு மேலேயும் கீழேயும் வாங்கிப்போட்ட துரைசுவாமி. போன மாதம் பூப்பாறை டீக்கடையில் தம்பி அவருக்கு வணக்கம் வைத்ததைப் பாண்டி தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்! குறி எதுவென்றும் புரிந்தது. மேட்டில், தார்ப்பாய் விரித்து மழைத்தண்ணீர் தேக்கிய படுதாக்குளம். பாகம் பிரித்ததில் அது பாண்டியின் பங்கு. ஆனால் கோடையில் இரண்டு தோட்டமும் பிழைப்பது அந்தத் தண்ணீரில்தான்.

தம்பி துரைசுவாமியைக் கூட்டிவந்து குளத்தைப் பிடுங்குவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். குளத்தைத் துரைசுவாமிக்கே எழுதிக்கொடுத்துவிட்டால், அப்புறம் அவர் தம்பிக்கு எதற்குத் துணை வரப்போகிறார்? தன் மூளையை நினைத்துப் பாண்டிக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் பாகமும் வந்தது, அதுதான் கடைசி. பார்க்கச் சொன்னாள் சாந்தம்மாள். "அவன் மூஞ்சியப் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று எரிந்து விழுந்தான்.

தேடிப்போன பாண்டிக்குத் துரைசுவாமி டீ கொடுத்து உபசரித்தார். குளமும் அதற்குப் போகும் வழியும் அவர் பெயருக்கு என்று பேசி முடித்தார்கள். பாண்டிக்குத் தண்ணீர் எப்போதும்போல. சுருளிவேலின் குழாயை அடைத்துவிடுவது. தண்ணீர் விஷயத்தையும் எழுதிக்கொள்ளலாமா என்று பாண்டி இழுத்தபோது, "நமக்குள்ள எதுக்குங்க எழுத்து?" என்றார்.

பத்திரப் பதிவு முடிந்து அவருடைய ஜீப்பிலேயே திரும்பினார்கள். ஜெயித்த மிதப்பில் பாண்டி கேட்டான்.

"என் தம்பி எத்தன தடவ உங்களத் தேடி வந்தான்?"

"சுருளிவேலுங்களா? ஒருக்காகூட வந்ததில்லீங்க. போன வருசம் நாந்தானுங்க போய்க் குளத்தப் பத்திப் பேச்செடுத்தேன். 'அண்ணன்கிட்ட கேக்காம நான் எதுவும் பேச மாட்டேன்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிப்போட்டாருங்க."

 தம்பியை நினைத்தபோது பாண்டிக்குக் கண் கலங்கியது. வெளியே பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான்.

"அவரு கதையெல்லாம் தவறாமப் பாப்பனுங்க" என்றார் துரைசுவாமி. "கடைசிப் பாகம் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்கோணுமுங்க. அந்த இளையவன் கோட்டைக்கு முன்னாலயே அம்பு பட்டுச் செத்துப்போறானுங்க. மூத்தவனையும் ஓர்ஹான் புடிச்சுட்டுப் போயிடறான். நாடு பூராவும் ஓர்ஹானுக்குத்தானுங்க."

 பாண்டி, தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகக் கேட்டான்.

"என் தோட்டத்துக்குத் தண்ணி விடுவீங்கல்ல?"

துரைசுவாமி வளைவில் கியரை மாற்றினார்.

"பாக்கலாமுங்க."