ஆலிஸ் நடந்த காலைகள்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஆலிஸுக்கு அது தன் இடுப்பு என்றே தோன்றவில்லை. மார்கழி விடியலில் கடல்மேல் கிடக்கும் பனியை யாரோ ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்ததுபோல இருந்தது. அதற்குள் எலும்பு இருக்கிறது என்றார்கள். அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷமாக முடக்குவாதம். விரல்கள் கோணி, வலது இடுப்பு மூட்டும் தேய்ந்து, இப்போது கட்டிலைவிட்டு இறங்கவே கணவர் அருள்நாதனின் தோள் வேண்டியிருந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, எழுபத்துநாலாம் வருஷம் முழுக்க இருவரும் இந்த ஆஸ்பத்திரி சொல்லப்போகும் தேதிக்காகவே காத்திருந்தார்கள்.

"இப்ப ஆபரேஷன் பண்ண முடியாதும்மா," என்றார் டாக்டர். "மூட்டு மட்டும் இல்ல, எலும்பே மெலிஞ்சுபோயிருக்கு. புது மூட்டைப் பிடிச்சுக்க அதுக்குப் பலம் இல்ல. வைக்கும்போதே உடையலாம். வலிக்கு வெளியில மாத்திரை வாங்கிச் சாப்பிட்டீங்களா?"

அருள்நாதன்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பொடிப்பொடியான வெள்ளை மாத்திரைகள்.

"மூணு வருஷமா சார். தெனம் ஒண்ணு. நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்."

"ஸ்டீராய்டு. வலியை அமுக்கும், எலும்பை அரிச்சிடும். ஆனா சட்டுனு நிறுத்தக்கூடாது. நான் சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும். பால், நெத்திலி, காலை வெயில், தினம் பத்தடி நடை. ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுத்துப் பார்க்கலாம்."



ராயபுரத்துக்குத் திரும்பும் ரிக்‌ஷாவில் அருள்நாதன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "என் கையாலயே உன்ன இப்டி பண்ணிட்டேனே ஆலிசு."

அவளுக்கு அந்த முதல் மாத்திரையின் மறுநாள் நினைவுக்கு வந்தது. கண் விழித்தபோது வலி இல்லை. உடம்பை யாரோ கழுவி, உலர்த்தி, திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது. அவர் வேலைக்குப் போனதும் வாசலைப் பூட்டிவிட்டு காசிமேட்டு மணல்வரை நடந்தாள். மறுநாளும் போனாள். அதற்குமுன் மாதா கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று நடந்தவள்தான், வெறுமனே நடந்ததில்லை. கருவாடு காயவைத்த ஒருத்தி, "யாரத் தேடுறே?" என்று கேட்டாள். "யாரையும் இல்ல," என்றாள் ஆலிஸ். அன்று முழுக்க அந்தப் பதில் நாக்கில் தித்தித்துக்கொண்டிருந்தது.

"அழாதய்யா," என்றாள். "நீ ஒண்ணு குட்த்தே. நான் ரெண்டு துன்னுகினு இருந்தேன்."

அவர் திரும்பினார். "இன்னாமே சொல்றே?"

"ஒண்ணு பத்தல. கால் நடந்த வரிக்கும் அதே மருந்துக் கடைல நானே போயி வாங்கினேன். நீ வேலைக்குப் போனப்புறம் கடலாண்ட நடப்பேன்."

"எங்க போவே?"

"எங்கயும் இல்ல. சும்மா."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீயும் கூடவே வந்திருப்பே."

கல்மண்டபம் தாண்டும்வரை அருள்நாதன் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போது மட்டும், எப்போதையும்விட மெதுவாக இறக்கினார்.

மறுநாள் அவர் லீவு போட்டார். வெயில் ஏறுமுன் அவளை மணலுக்குக் கூட்டிப்போய், கவிழ்த்துப்போட்ட படகொன்றின் ஓரத்தில் உட்காரவைத்தார். பிறகு வேற்றாளிடம் கேட்பதுபோலத் தயங்கிக் கேட்டார்.

"நானும் வர்லாமா?"

ஆலிஸ் யோசித்தாள். "வா. ஆனா கொஞ்சம் தள்ளி வா."

படகைப் பிடித்து எழுந்தாள். வலி இடுப்பில் சுருக்கென்று ஏறி, நின்றது. பிடியை விட்டாள். ஒன்று, இரண்டு. அவர் கை அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால், தொடாமல் வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு கட்டுமரம் அலையேறும் இடத்தில் மூக்கை வானத்துக்குத் தூக்கி, ஏறுவதா விழுவதா என்று தெரியாமல் ஒரு நொடி அப்படியே நின்றது.