நீட்டாத சிறகு

தை மாதக் கடைசியில், மின்கம்பியில் மோதி விழுந்த பூநாரையை ஜாஸ்லின்தான் முதலில் பார்த்தாள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாப் படகு ஓட்டுபவள் அவள். இடது சிறகு தொங்கச் சேற்றில் கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருவாடானைக்குப் போனாள்.

கால்நடை மருத்துவர் சதக்கத்துல்லா எலும்பைச் சேர்த்துக் கட்டினார். குணமாகும்வரை அவளே வைத்துக்கொள்ள வனத்துறையிடம் பேசி அனுமதியும் வாங்கினார்.

"எலும்பு கூடிரும்மா. பதினஞ்சு நாள்ல கட்டைப் பிரிச்சிட்டு, தினமும் ரெண்டு வேளை சிறகை முழுசா நீட்டி விடணும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இந்தத் தோல் இருக்குல்ல, சும்மா விட்டா சுருங்கிரும். வலியில கத்தும். பாவம் பாத்துராத."

கட்டைப் பிரித்தபின் இரண்டு நாள் நீட்டினாள். மூன்றாம் நாள் அது கத்திய கத்தலைக் கேட்டு, "போதும்டா தங்கம்" என்று பாதியில் விட்டாள். பிறகு தொடவே இல்லை. மருத்துவர் போனில் கேட்டபோதெல்லாம், "நீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் சார்" என்றாள்.

பங்குனியில் பூநாரைக் கூட்டம் கிளம்பத் தொடங்கியது. மருத்துவர் வந்தார். ஆழமில்லாத தண்ணீரில் பறவையை இறக்கி விட்டார்கள். கழுத்தை நீட்டி, எதிர்காற்றில் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடியது. கால்கள் மேலெழும்பின. வலச் சிறகு முழுதாக விரிந்தது. இடது, முழங்கையோடு மடங்கியே நின்றது. உடல் இடப்பக்கம் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. நான்கு முறை ஓடி, நான்கு முறையும் விழுந்தது.

மருத்துவர் அதைப் பிடித்துச் சிறகை இழுத்துப் பார்த்தார். பாதிக்குமேல் வரவில்லை.

"நீட்டி விட்டியாம்மா?"

"கத்துச்சு சார்," என்றாள்.

அவர் திட்டவில்லை. "ரெண்டும் ஒரே அளவு விரிஞ்சாத்தான் காத்து சமமாத் தூக்கும். விரியாத பக்கம் தூக்காது, சாஞ்சிரும்."

"இப்ப நீட்டுனா?"

"தோல் இறுகிப்போச்சு. இழுத்தா கிழியும்."

மறுவாரம் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோக வனத்துறை வண்டி வந்தது. நீண்ட கால்களை மடக்கிப் பெட்டிக்குள் அவளே உட்கார வைத்தாள். மூடியபோது அது சத்தமே போடவில்லை.

வண்டி போனபின் பார்த்தால், காலையில் அதற்காக அரித்து வந்த கூனி இறால் வாளியில் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஜாஸ்லின் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் உப்பங்கழியில் கவிழ்த்தாள். அன்று அவள் படகு எடுக்கவில்லை.