அறுபத்தெட்டில் நின்ற முள்

முள்ளுக்காரர் தன் வீட்டுப் பின்புறத்தில் கரி போட்டுப் புகையில் வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறி, அடுப்பை விட்டு இறங்கப் பதினோரு வருடமும் நான்கு மாதமும் ஆயின. இறங்கும்போது அது வெந்திருந்ததா என்பதில் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஏறியது ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் அவர் அதைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்த்ததால் அந்தப் பெயர். ஒரு கிராம் பிசகினாலும் முத்திரை குத்த மாட்டார். மனைவியின் சொந்தத் தம்பி கடைத் தராசையே பறிமுதல் செய்துவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு பார்க்க முள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர், மூன்று காலில் நிற்கும் கறுப்பு உருளையாக ஒரு புகையடுப்பை வாங்கினார். அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கறி. கறிக்குள் செருகிய வெப்பமானிக் கம்பியின் மறுமுனையில் வட்ட முகமும் ஒரு முள்ளும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முள் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டால் கறி தயார். அதுவரை மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஒவ்வொரு திறப்புக்கும் கால் மணி நேரம் வீண். கறிக்கும் கரிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உங்களுக்கு அதுகூட வேண்டாம் என்று மனைவி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒற்றை மகள், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவர் பஸ் பட்டறையில் மெக்கானிக். மீட்டர் எதையும் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டே என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாராம். மகள் இதைப் பெருமையாகச் சொன்னாள். முள்ளுக்காரருக்கு அங்கேயே முகம் சுண்டிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு முள் அறுபத்தெட்டுக்கு வந்து நின்றது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, கறியின் ஈரம் வியர்த்து வெளியேறும்வரை சூடு ஏறாமல் இரண்டு மூன்று மணி நேரம் நிற்பது வழக்கம்தான். ஆனால் மணி ஏழாகியும் முள் அசையவில்லை. விருந்தாளிக்குப் பசி காதை அடைத்திருக்க வேண்டும். அவர் எழுந்து போய் மூடியைத் தூக்கி, விரலால் கறியை அமுக்கிப் பார்த்து, இது போதும், சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்.

"விரல் தராசு இல்ல தம்பி. மூடுங்க. முள்ளு சொல்லட்டும்" என்றார் முள்ளுக்காரர்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "மனுஷங்க சொல்றது என்னைக்குப்பா உங்க காதுல ஏறிச்சு? வெந்ததும் கூப்பிடுங்க. அப்போ வர்றோம்."

"வெந்ததும் கூப்பிடறேன்" என்றார் அவரும். இருவருமே சொன்ன சொல் தவறாதவர்கள், வினையே அதுதான்.

மறுநாளும் முள் அறுபத்தெட்டில் நின்றது. அடுத்த வாரமும் நின்றது. அவர் வெப்பமானியை மாற்றினார், ஏழு முறை மாற்றினார். ஏழும் கொதிநீரில் நூறு காட்டின, பனிக்கட்டியில் பூஜ்யம் காட்டின, கறியில் அறுபத்தெட்டு காட்டின. கறி கருகவும் இல்லை, கெடவும் இல்லை, சுருங்கவும் இல்லை. கறிக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றி வைத்தால் சூடு ஏறிவிடும், எல்லோரும் செய்வதுதான் என்றார். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற கடைக்காரனும் எல்லோரும் செய்வதுதான் என்றுதான் சொன்னான் என்று முள்ளுக்காரர் அவரைத் திருப்பி அனுப்பினார். சுகாதார அதிகாரி புகார் மனுவோடு வந்தார். வீட்டில் புகை போடுவதற்கு நேர வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை என்று கண்டு, நெஞ்சுக்கறிக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போனார். தெருவில் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கறிப் புகை வாசம் அடித்தது. வெளியூரில் அந்த வாசனையை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். நகராத வழக்கு, தட்டிப்போகும் கல்யாணம், வராத பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் "அறுபத்தெட்டுல நிக்குது" என்பது பேச்சு வழக்காகிவிட்டது.

மகள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. கூப்பிட்டார்கள்; அடுப்பை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். பேத்தி பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்குப் போனாள். மனைவி புதன்கிழமை தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழந்தைக்கு உங்கள் காது, உங்கள் பிடிவாதம் என்று சொல்வாள். அவர் கரியைக் கிளறிக்கொண்டே கேட்பார். போனை எடுத்து மகள் எண்ணைப் பாதிவரை அழுத்தி, முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. மகளைப் பார்க்காமல் அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் இதயத்தில் கோளாறு இல்லை என்றார்.

பன்னிரண்டாம் வருடத்தில் ஒரு புதன்கிழமை மனைவி வந்ததும் உட்காரவில்லை. மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை விமானம், திரும்பி வருவது எப்போதென்று தெரியாது. "என்னங்க, உங்க முள்ளு நகரும். நமக்கு அதுவரைக்கும் உசிரு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முள்ளுக்காரர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போன் செய்தார்.

"வெந்துடுச்சும்மா" என்றார்.

"முள்ளு பார்த்தீங்களாப்பா?"

"வெந்துடுச்சு. எல்லாரும் வாங்க."

சமையலறையில் இதைக் கேட்ட மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. பயமாகவும் இருந்தது, அவர் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலவும் இருந்தது.

மகள் வந்ததும் நேராகப் பின்புறம் போனாள். தலையில் நாலைந்து நரை. வட்ட முகத்துக்கு முன்னால் குனிந்து பார்த்தாள். அறுபத்தெட்டு. அவள் பார்த்ததை அப்பா பார்த்தார். பிடிபட்ட கடைக்காரர்கள் எப்படி நிற்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மூடியைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவிட்டு வாங்க என்று புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

கறியை அறுக்க இரண்டு கத்தி தேவைப்பட்டது. செருப்புத் தோல் மாதிரி இருந்தது. ஒரு வாய்க்கு நூறு முறை மெல்ல வேண்டியிருந்தது. தட்டில் கிடந்த துண்டுகள் சாப்பாடு முடியும்வரை ஆறவே இல்லை, அதே சூட்டில் ஆவி விட்டன. ஏன் ஆறவில்லை என்று பேத்தி கேட்டதற்கு மாப்பிள்ளை, அது அப்படித்தான், ஊதிச் சாப்பிடு என்றார். முள்ளுக்காரர் மட்டும் சாப்பிடாமல் மகளின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மென்றாள், மென்றாள், கண்ணில் நீர் வரும்வரை மென்று விழுங்கினாள்.

"நல்லா வெந்திருக்குப்பா" என்றாள்.

"இன்னொரு துண்டு வைக்கட்டா?"

"வைங்க."

அவர் வைத்தார்.