முடி தக்காளி இல்லை

என் புருஷனும் அவர் தம்பியும் சண்டை போட்டது சொத்துக்காக இல்லை, வீட்டுக்கு வந்த பெண்களாலும் இல்லை. முடி வெட்ட என்ன ரேட் வைப்பது என்பதில்தான். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது.

இருவரும் ஒரே சலூனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்தார்கள். வாசலுக்கு வெளியே என் காய்கறி வண்டி. மாதக் கடைசியில் ஒருநாள் கடை மூடும் நேரத்தில் ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன் தன் பின்மண்டையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாதே. அந்த நேரத்துப் பேச்சைக் கேட்க வேண்டும். பின்னால் ஒருவன் கத்தரியோடு நிற்கும்போது உட்கார்ந்திருப்பவன் துள்ள முடியாது. அதனால் மனசில் கிடக்கிற குறையையெல்லாம் அப்போதுதான் கொட்டுவார்கள். துண்டை உதறி எழுந்திருக்கும்போது எல்லாம் தீர்ந்திருக்கும்.

தெருமுனையில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு புது சலூன் வந்தது. அதே சமயம் எங்கள் கடை வாடகையும் ஏறியது. ரேட்டை ஏற்றலாம் என்றார் இவர். தம்பி குதித்தான்.

"ஏத்தினா ஒரு பய வரமாட்டான். எல்லாரும் கண்ணாடிக் கடைக்குப் போயிடுவாங்க."

"அங்க நம்மளவிட மூணு மடங்குடா. எங்க போவாங்க? முடி வளர்ந்தா வெட்டித்தானே ஆகணும்?"

"குறைச்சுப் பாருங்கண்ணே. கூட்டம் அள்ளும்."

வெளியே நின்றிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, தக்காளி விலை இறங்கினா ஒரு கிலோ வாங்கறவங்க மூணு கிலோ வாங்குவாங்க. ஏறினா தக்காளி இல்லாமலே சமைச்சிடுவாங்க. முடி தக்காளி இல்ல. நீ பாதி விலைன்னு போர்டு வெச்சா அது என்ன, ரெண்டு மடங்கு வேகமா வளருமா?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவரும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே எதிர் வரிசையில் காலியாகக் கிடந்த கடையைப் பிடித்து, "கட்டிங் பாதி விலை" என்று போர்டு மாட்டிவிட்டான். கூட்டம் வரத்தான் செய்தது. ஆனால் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு தலைகூட வரவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் நேற்றுவரை எங்கள் கடையில் உட்கார்ந்தவர்கள். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏற்ற வேண்டும் என்று சொன்ன மனுஷனே இறக்கினார். தம்பி ஷேவிங்கை இலவசமாக்கினான். இவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆரம்பித்தார். நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் விசாரித்து, இங்கே முடி வெட்டி அங்கே தாடி எடுத்துக்கொண்ட கெட்டிக்காரர்களும் உண்டு. தெருவில் இருந்தது என்னவோ அதே தலைகள்தான். ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. அவை பாதி விலைக்குத் தெருவைக் கடந்து போய்வந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்று வெட்டியும் கைக்கு வருவது வாடகைக்கே போனது. இவருக்குக் கால் வீங்கியது. தலைவலி வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி கத்தரியைத் தூக்குவார். "ஒருநாள் டாக்டரப் பாருங்க" என்றால், "கடையப் பூட்டினா எல்லாரும் எதிர்ல போயிடுவாங்க" என்பார். கண்ணாடிக் கடைக்காரன் இவர்கள் இருவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதக் கடைசி வந்தது. யாரும் யார் கடைக்கும் போகவில்லை. தம்பி மெஷினை எடுத்துத் தானே மொட்டை அடித்துக்கொண்டான். மொட்டைக்கு ஆள் வேண்டாம், கண்ணாடிகூட வேண்டாம். அதன்பிறகு மாதாமாதம் அப்படியே. இவர் அதைச் செய்யவில்லை. வேறு யாரிடமும் போகவும் இல்லை. முடி காதை மூடியது, கழுத்தை மூடியது, தோளில் விழுந்தது.

"அண்ணே, உங்க கடையில வெட்டிக்க உங்களுக்கே பயமா?" என்று வருகிறவர்கள் கிண்டலடித்தார்கள்.

"நேரமில்ல" என்று சிரித்து மழுப்புவார்.

நேரமாவது, மண்ணாவது. என் வண்டியில் கத்தரிக்காய் விலை ஏறினால் ஜனங்கள் வெண்டைக்காய்க்குத் தாவிவிடுவார்கள். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இருக்கிறதே. தம்பி கைக்குப் பதிலாக இவருக்கு இன்னொரு கை தெரியாது. என்ன விலை கொடுத்தாலும் அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லாமல் தோள்வரைக்கும் வளர்த்து வைத்திருந்தார்.

கறிவேப்பிலை வாங்க வந்த தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு தடவ வந்து வெட்டிவிட்டுப் போயேன்டா. பாக்க சகிக்கல."

"அவரு கூப்பிடட்டும் அண்ணி."

இவரிடம் சொன்னால், "அவன் வரட்டும்" என்றார். இரண்டு கடைக்கும் நடுவே இருந்தது ஒரு பஸ் நுழைய முடியாத குறுகிய தெருதான். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல இருந்தது.

ஒரு காலை, ஷேவிங்குக்கு வந்த ஒருவர் கன்னத்தில் சோப்பு தடவிக்கொண்டிருந்த இவர் பிரஷோடு அப்படியே சரிந்தார். எதிர்க்கடை பூட்டியிருந்தது. தம்பி பிளேடு வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தான். ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் அவனுக்குப் போன் செய்தேன். அழுகையில் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை.

"தலையில ரத்தக் கசிவு. உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார் நர்ஸ். "முடிய எடுத்துடறோம்."

"இவர் தம்பி வந்துட்டிருக்கான்மா. அவன் எடுப்பான். அவனுக்காகத்தான் வெச்சிருக்காரு."

அந்தப் பெண் கோபப்படவில்லை. என் தோளைத் தொட்டு, "நேரமில்லம்மா" என்றார்.

தம்பி ஓடிவந்தபோது தள்ளுவண்டியை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். சீப்பையும் கத்தரியையும் துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தான். நான் போனில் அப்படி ஏதோ சொல்லியிருக்கிறேன். மழித்த தலையை ஒரு கணம்தான் பார்த்தான். கதவு மூடிய பிறகு சுவரோடு சாய்ந்து, "காதுக்குப் பின்னாடி விட்டுட்டாங்க அண்ணி. ஓரம் சரியா எடுக்கல" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். என் மடியில் இவருடைய முடி ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தார். கட்டுப் போட்ட தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டித் தம்பியைப் பார்த்தார்.

"எவன்டா உனக்கு இப்படி அடிச்சுவிட்டது?"

"நானேதாண்ணே."

"நல்லாவே இல்ல."

"உங்களுக்கும்தான்."

இவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்புதான் அது. "வளரட்டும்டா. ரெண்டு பேருக்கும் வளரட்டும். அப்புறம் வெட்டிக்கலாம்" என்றார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

அந்த வாரமே மறுபடி ரத்தம் கசிந்தது. இந்தத் தடவை உள்ளே போனவர் திரும்பவில்லை. கட்டைப் பிரித்தபோது பார்த்தேன், அரிசிமுனை அளவுக்குக்கூட முடி வளர்ந்திருக்கவில்லை.

தம்பி எதிர்க்கடையைக் காலி செய்துவிட்டுப் பழைய கடைக்கே வந்தான். அண்ணன் நாற்காலியில் யாரையும் உட்கார வைப்பதில்லை. சில மாதம் கழித்து நான் மறுபடி வண்டி போட்ட முதல் நாள் மதியம், கூட்டம் ஓய்ந்ததும் என் பக்கம் வந்து நின்றான். நான் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, பாதி விலை போர்ட எடுத்துட்டேன். அண்ணன் அப்ப சொன்னாரில்ல, அந்த ரேட்டையே போட்டேன்."

"ஆளுங்க வராங்களா?"

"ஒருத்தர்கூட போகல அண்ணி." அவன் குரல் உடைந்தது. "மொணமொணன்னுகிட்டே குடுத்துட்டுப் போறாங்க. அத்தன பேரும் வராங்க. ஒரே ஒருத்தர்கூட போகல."

தராசைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவுதானா, இதற்காகவா என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். ஆனால் எதிரே நின்று அழுதவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முடி அவன் காதை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது. பின்கழுத்தில் சுருண்டு கிடந்தது.

"மெஷின்தான் இருக்கே" என்றேன். "எடுத்துக்கக் கூடாதா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேருக்கும் வளரட்டும்னு சொன்னாரே அண்ணி" என்றான்.